செல்லையா அண்ணனின் பிரதட்சிணம்

எல்லோரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. கதவுகளும் சாத்தியாயிற்று. முன் சீட்டில் டிரைவருக்கு இடப்பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு மூன்று பேர், பின் சீட்டில் அதற்கும் மேல், மடிகளில் பிள்ளைகள், யாருடைய காலடியிலோ கால் கட்டிய ஒரு சேவல். சாவியைத் திருகி வண்டியை எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து டிரைவர் தன் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கினார்.

சித்திரபுரம் டாக்ஸி ஸ்டாண்டை அன்று காலை மலைப்பனியின் மஞ்சு மூடியிருந்தது. எதிர்த்த டீக்கடையின் பாய்லர் புகை எது, மஞ்சு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. டிரைவர் தோளில் கிடந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு காரின் இடப்பக்கமாகப் பின்னால் நடந்தார். மஞ்சுக்குள் மறைந்தார். டிக்கியின் மேல் உள்ளங்கையால் 'தட்' என்று ஓர் அடி விழுந்தது. அப்புறம் வலப்பக்கமாக வெளியே வந்தார். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். ஏறி உட்கார்ந்த மறு நொடி, ஒரு பேச்சுக்கூட இல்லாமல், வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்.

"என்னண்ணே, டயர்ல காத்து இல்லையா?" என்று கேட்டேன்.

"காத்தெல்லாம் நல்லா இருக்கு தம்பி."

"பெறவு பின்னாடி என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லை" என்றார், வயிறாரச் சாப்பிட்டு எழுந்தவர் சொல்வது போல.

டீக்கடை வாசலிலிருந்து இன்னொரு டிரைவர் தங்கச்சன் பாதி மலையாளத்தில் குரல் கொடுத்தார். "எடோ செல்லையா, கழிஞ்சோ பிரதட்சிணம்? தேங்காய் ஒடைக்கலியா?"

"ஒடைக்கலாம்வே. உம்ம மண்டையைக் கொஞ்சம் இங்ஙன நீட்டும்."

கார் முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது.

மூணாறுப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியனாகச் சேர்ந்த நாளைப் பற்றிப் போன வாரம் எழுதியபோது, 'முதல் நாளே தாமதம்' என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டேன். அந்த வரிக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். அவரை அப்படித் தாண்டிவிடக் கூடாது என்று வாரம் முழுக்க மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

தலைக்குப் பின்னால் ஒரு ரோடு

சித்திரபுரம் ஸ்டாண்டு அப்படியொன்றும் பெரிய இடமில்லை. ரோட்டோரத்தில் மலையை வெட்டிச் சமன் செய்த ஒரு துண்டு நிலம். வண்டிகள் மண் திட்டைப் பார்த்து மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும். எந்த டிரிப்பாக இருந்தாலும் முதல் வேலை பின்னுக்கு எடுத்து ரோட்டுக்கு வருவதுதான். அந்தப் பின்புறத்தில்தான் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிற பெண்களின் குறுக்குப் பாதை. கரண்ட் ஆபீஸ் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவதும் அந்த வழிதான். இது போக ஆடுகள், நாய்கள், டீக்கடை விறகு.

இதையெல்லாம் டிரைவருக்குக் காட்ட வேண்டிய பொறுப்பு, முன் கண்ணாடிக்கு மேலே நடுவில் தொங்கும் ஒரு சின்னக் கண்ணாடிக்கு. சாக்லேட் டப்பா மூடி அளவு இருக்கும்.

என் அம்மா முதன்முதலாகக் காரில் ஏறிய நாள் நினைவுக்கு வருகிறது. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் புறப்பட்டபோது வழியனுப்ப வந்தாள். பாதி வழியில் என் காதுக்குள், "அந்த டிரைவர் என்னையே முறைக்கான்" என்றாள். மேலே பார்த்தேன். கண்ணாடியில் டிரைவரின் இரண்டு கண்கள் அம்மாவுக்கு நேராக இருந்தன.

"உன்னைப் பாக்கலைம்மா. உன் தலைக்குப் பின்னாடி இருக்க ரோட்டைப் பாக்காரு."

"நடுவுல என் தலை இருக்கே. பெறவு ரோடு எப்படித் தெரியும்?"

கல்லூரிப் படிப்புக்குப் போகும் மகனைவிட அம்மா சரியாகப் பார்த்திருந்தாள். எட்டு, ஒன்பது தலைகள் ஏறுகிற வண்டியில் பின் கண்ணாடி என்பது ஒரு மரியாதைக்குத்தான். மழைக்காலத்தில் அதுவும் போய்விடும். உள்ளே இருப்பவர்களின் மூச்சு பட்டுக் கண்ணாடி வெளுத்துப் போகும். பிள்ளைகள் அதில் விரலால் பெயர் எழுதுவார்கள். பீடியைப் பிரித்துப் புகையிலையை ஈரத்தோடு முன் கண்ணாடியில் தேய்த்தால் மழை நீர் நிற்காது என்று டிரைவர்கள் செய்வதுண்டு. பின் கண்ணாடிக்கு யாரும் ஒரு பீடியைச் செலவழித்து நான் பார்த்ததில்லை.

வெளிப்பக்கக் கண்ணாடி எல்லா வண்டியிலும் இருக்காது. செல்லையா அண்ணன் ஓட்டிய காரின் முன் மட்கார்டில் முன்பு ஒன்று கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்ததாம். கொழுந்து லாரியின் கயிறு மாட்டி அது பிய்த்துக்கொண்டு போனது. காரின் சொந்தக்காரரான முதலாளி, "முன்னால பாத்து ஓட்டத்தானவே டிரைவர்?" என்று சொல்லிவிட்டாராம். அது இருந்திருந்தாலும் பெரிய பிரயோஜனம் இல்லை. ஓடுகிற வண்டியில் அந்தக் கண்ணாடி நடுங்கும். பின்னால் வரும் ஒரு லாரி இரண்டு லாரியாகத் தெரியும்.

ஆனால் இதெல்லாம் ஸ்டாண்டில் யாருக்கும் ஒரு குறையாகவே பட்டதில்லை. பின்னுக்கு எடுப்பதில்தான் ஒரு டிரைவரின் கௌரவமே இருந்தது. தங்கச்சன் எடுப்பதைப் பார்க்க வேண்டும். இடது கையைச் சீட்டின் முதுகில் நீளமாகப் போட்டு, பாதி உடம்பைத் திருப்பி, உதட்டில் பீடியோடு, ஒரே வீச்சில் ரோட்டில் கொண்டுவந்து நிறுத்துவார். பையன்கள் அந்தக் கை போடுவதை நடித்துக் காட்டுவார்கள். நானும் ஒரு காலத்தில் பெஞ்சின் மேல் கையைப் போட்டுக்கொண்டு அப்படி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இறங்கிப் பார்ப்பது கிளீனர் வேலை. லாரியில் கிளீனர் இறங்கி, பலகையில் தட்டி, 'வா வா' என்று சொல்லலாம். காருக்குக் கிளீனர் கிடையாது. ஆகவே, கார் டிரைவர் இறங்கிப் பார்த்தால் ஸ்டாண்டில் அதைவிடக் குறைச்சல் வேறில்லை.

அந்தக் குறைச்சலைத்தான் செல்லையா அண்ணன் ஒவ்வொரு டிரிப்பிலும் எல்லோர் கண்முன்னாலும் செய்துகொண்டிருந்தார்.

ராசாத்தி அக்கா சொன்னது

காரணத்தை எனக்குச் சொன்னது ராசாத்தி அக்கா. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த வீடு. கொழுந்து எடுக்கிறவள். வாயைத் திறந்தால் மலை இறக்கம் முழுக்க மூட மாட்டாள். பிள்ளைக்குச் சளி என்று ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவள் ஒருநாள் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். செல்லையா அண்ணன் சுற்றி வந்து ஏறியதும் நான் உச்சுக் கொட்டியதைக் கேட்டுவிட்டாள்.

"ஏ வாத்தியாரே, என்னத்துக்கு இப்ப உச்சுக் கொட்டுத? அந்த மனுசன் ஏன் சுத்துதாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதுக்கா."

"எங் கூடையாலதான்." அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. "காலையில பெரட்டுக்களத்துல எங்க பேரைக் கூப்பிட்டு, எங்களை வேலைக்குப் பிரிச்சு விட்டுக்கிட்டிருக்காவ. அந்நேரம் இவரு யாரையோ எறக்கி விட்டுட்டு அங்ஙன காரைத் திருப்புதாரு. நான் கூடையைக் கீழ வச்சிட்டுத் தண்ணி குடிக்கப் போயிருக்கேன். கூடைக்குள்ள பய சட்டை, பய போர்வை எல்லாம் கெடக்கு. மொறுக்குன்னு ஒரு சத்தம்."

"பய எங்கக்கா இருந்தான்?"

"எங்க இருப்பான், என் இடுப்புலதான். ஆனா இவருக்கு அது தெரியுமா? எறங்கிப் பாத்தவருக்கு டயருக்குக் கீழ செவப்புச் சட்டைதான் தெரிஞ்சிருக்கு. அப்பிடியே தரையில உக்காந்துட்டாரு. நான் ஓடியாந்து, 'யண்ணே, கூடைதான்ணே, வெறுங்கூடைதான்'ங்கேன். காதுல ஏறலை. எம் புள்ளை மூக்கு ஒழுக இவரையே பாத்துச் சிரிக்கான். இவரு நசுங்குன கூடையைத் தூக்கி மடியில போட்டுக்கிட்டு அழுதாரு பாரு ஒரு அழுகை! எங்க மாமியா செத்தப்ப எம் புருசன்கூட அப்படி அழலை."

கார் மறுபடி சிரித்தது. மேலே அந்தச் சின்னக் கண்ணாடியில் செல்லையா அண்ணனின் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை சிரிக்கவில்லை. ரோட்டில் இருந்தன.

"போதும் ராசாத்தி" என்றார்.

"நான் என்ன பொய்யா சொல்லுதேன்?"

"பொய்யின்னு சொல்லலை. போதும்னுதான் சொன்னேன்."

அன்றிலிருந்து நான் உச்சுக் கொட்டுவதில்லை. காலையில் வழக்கத்தைவிட ஒரு டிரிப் முன்னதாகவே புறப்பட ஆரம்பித்தேன்.

சாக்குக்கட்டியால் போட்ட கோடு

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னை ஸ்டாண்டில் நிறுத்தினார்.

"தம்பி, நீங்க படிச்சவக. ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லணும்."

என்னைக் கொண்டுபோய் டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். கார் காலியாக இருந்தது. ராசாத்தி அக்காவின் புதுக் கூடையை எங்கிருந்தோ வாங்கி வந்து டிக்கியை ஒட்டினாற்போல் வைத்தார்.

"தெரியுதா?"

கண்ணாடியில் பார்த்தேன். கழுத்தைத் திருப்பியும் பார்த்தேன். "இல்லைண்ணே."

கூடையைத் தள்ளி வைத்தார். "இப்ப?"

"இல்லை."

இன்னும் தள்ளினார். இன்னும் இல்லை. டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை விட்டுவிட்டு வந்தார். கூட்டம் சேர்ந்தது. கூடை ரோட்டைத் தாண்டி, கரண்ட் கம்பத்துப் பக்கம் போன பிறகுதான் அதன் விளிம்பு எனக்குத் தெரிந்தது. மேல் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்குக்கட்டி இருக்கும். இறங்கிப் போய் அந்த இடத்தில் கோடு போட்டேன். அப்போது, கூட்டத்தோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ராசாத்தி அக்காவின் பையனைச் செல்லையா அண்ணன் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, கையைத் தூக்கச் சொன்னார். அதற்குள் அவன் நடக்கப் பழகி, ஓடவும் பழகியிருந்தான். நான் ஓடிவந்து மறுபடி சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன்.

பையன் இல்லை. கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஐந்து விரல்கள் மட்டும் ஆடின.

கோட்டுக்கும் காருக்கும் நடுவே ஒரு வகுப்பையே உட்கார வைக்கலாம். அத்தனை பேரும் எனக்குத் தெரிய மாட்டார்கள். இது ஒரு காரின் குற்றம் இல்லை. பின்பக்கம் உள்ள எல்லா வாகனத்துக்கும் இந்தக் கதிதான் என்று நினைக்கிறேன். தங்கச்சன் வண்டியிலும் பார்த்துவிடலாமா என்று கேட்டோம். "என்டெ வண்டியில் எல்லாம் தெரியும்!" என்று சொல்லிவிட்டு, வண்டியைத் துடைக்கிற சாக்கில் டிரைவர் சீட்டில் தனியாக உட்கார்ந்து, கண்ணாடியை அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு சந்தேகம்" என்றேன். "சுத்திட்டு வந்து ஏறுன உடனே ஒரு வார்த்தை பேசாம எடுக்கியளே, ஏன்?"

"பாத்தது பழசாயிரும்லா தம்பி."

"பழசா?"

"பால் மாதிரிதான். கறந்த சூட்டோட குடிச்சிரணும். நான் பின்னாடி பாத்துட்டு வந்து இங்ஙன ஒரு பீடி பத்த வச்சேன்னா, பாத்தது திரிஞ்சிரும். பெறவு மறுபடி எறங்கணும்."

பயிற்சிக் கல்லூரியில் இரண்டு வருடம் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன் நான். அந்த நோட்டுகளுக்குள் இந்த மாதிரி ஒரு வரி இல்லை என்று சொன்னால் அவற்றைக் குறைத்துப் பேசுவதாக ஆகாது. அவற்றுக்குள் நல்ல விஷயங்கள் நிறைய இருந்தன. இது மட்டும் இல்லை, அவ்வளவுதான்.

கண்ணாடிக்குள் குடியேறிய சாமிகள்

கூடைக் கதையையும் சாக்குக்கட்டிக் கோட்டையும் ஜனங்கள் சிரித்துவிட்டு மறந்துவிட்டார்கள். கண்ணில் நின்றது, ஒரு மனிதர் புறப்படும் முன்னால் தவறாமல் வண்டியை வலம் வருவது மட்டும்தான். நேர்த்திக்கடன் என்று முடிவு செய்துவிட்டார்கள். தங்கச்சன் கேலிக்குச் சொன்ன பிரதட்சிணத்தை ஊர் நிஜமாக்கிவிட்டது.

முதல் தப்பை என் அம்மாவே செய்தாள். பழனிக்குப் போய் வந்தவள், செல்லையா அண்ணனின் கண்ணாடிக் காம்பில் முருகன் டாலர் கோத்த ஒரு பாசிமாலையை மாட்டினாள்.

"அத்தை, இது எதுக்கு?" என்றார் அவர்.

"இருக்கட்டும்யா. நீ இம்புட்டு பக்தியா சுத்துத. அவனும் கூட வரட்டுமே."

அவரால் மறுக்க முடியவில்லை. ஒருவர் மாட்டியதை எடுக்கவில்லை என்றதும் மற்றவர்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. குவார்ட்டர்ஸிலிருந்து வரும் ஒரு சேச்சி ஜெபமாலை கொண்டுவந்தார். தர்காவுக்குப் போய் வந்த துணி வியாபாரி பச்சைக் கயிறு கட்டினார். ஆயுத பூஜை அன்று யாரோ ஒரு புண்ணியவான், கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனத்தை அப்பி, அதற்கு மேல் குங்குமமும் வைத்துவிட்டார். பின் கண்ணாடியையும் விடவில்லை. அங்கே திருநீற்றுப் பட்டை.

பின்னால் தெரியவில்லை என்றுதான் அந்த மனிதர் இறங்கிச் சுற்றினார். சுற்றியதைப் பார்த்து ஜனங்கள், தெரிந்த கொஞ்சத்தையும் மறைத்துவிட்டார்கள்!

"அந்தச் சந்தனத்தையாவது துடைச்சிருங்கண்ணே" என்றேன்.

"வச்ச கை யாரு கைன்னு தெரியலையே தம்பி. மனசு சங்கடப்படும்." முருகன் டாலரை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "எப்படியும் எறங்கத்தான போறேன்."

முதலாளி வருகிறார்

அவசரக்காரர்கள் தங்கச்சன் வண்டிக்குப் போனார்கள். மற்றவர்கள் இரண்டு டிரிப் அடிக்கிற நேரத்தில் செல்லையா அண்ணனுக்கு ஒரு டிரிப்தான் ஆயிற்று. செய்தி முதலாளியின் காதுக்குப் போய்விட்டது. அவருக்கு மூணாறில் பலசரக்குக் கடை. திருநெல்வேலிச் சீமைக்காரர். வெள்ளை ஜிப்பா, கையில் எப்போதும் ஒரு குடை. 'வண்டியை வாடகைக்கு விட்டிருக்கேனா, கோயில் கட்டியிருக்கேனா? சனிக்கிழமை நானே வந்து ஏறுதேன். இந்தச் சுத்து நிக்கலைன்னா சாவி கை மாறிரும்' என்று சொல்லி அனுப்பினார்.

சாவி போனால் அந்த ஸ்டாண்டில் அவருக்கு ஓட்ட வேறு வண்டி கிடைக்காது. செல்லையா அண்ணன் போடிக்குப் போய் மறுபடி லாரி கிளீனர் ஆக வேண்டும். அங்கேதான் அவர் தொடங்கினார். கிளீனராக ஏறி, ஸ்டீயரிங்குக்கு நகர்ந்து வர அவருக்குப் பாதி வயது போய்விட்டது.

அவருடைய மூத்த பெண் என் வகுப்பில் படித்தாள். வெள்ளிக்கிழமை மணி அடித்த பிறகும் பெஞ்சை விட்டு எழவில்லை.

"சார், நீங்க சொன்னா அப்பா கேப்பாங்க. நாளைக்கு ஒரு நாள் மட்டும் சுத்தாம இருக்கச் சொல்லுங்க சார்."

அன்று சாயங்காலமே சொன்னேன். ஒரு நாள்தானே அண்ணே, நான் முன்னாடியே இறங்கிப் பின்னால் பார்த்து வைக்கிறேன் என்றுகூடச் சொன்னேன்.

"நானும் சொல்லிப் பாத்துட்டேன் தம்பி, என் காலுகிட்ட" என்றார். "பாக்காம ஆக்ஸிலேட்டரை அமுத்துன்னா அமுத்த மாட்டேங்கு. அதுக்கு நான் என்ன செய்ய?"

சனிக்கிழமை சாரல். கார்க் கண்ணாடிகளை ஏற்றி விட்டிருந்தார்கள். முதலாளி பின் சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். பக்கத்தில் நான். எனக்கு அந்தப் பக்கம் ராசாத்தி அக்கா. அவள் பையன் சீட்டின் மேல் ஏறி நின்று, ஆவி படிந்த பின் கண்ணாடியில் யானை வரைந்துகொண்டிருந்தான். முன்னால் இரண்டு பேர்.

கதவுகள் சாத்தப்பட்டன.

செல்லையா அண்ணன் கதவைத் திறந்து இறங்கினார்.

முதலாளி குடையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பின்னால் 'தட்' என்று கேட்டது. சுற்றி வந்து, குனிந்து பார்த்து, ஏறி உட்கார்ந்து சாவியில் கை வைத்ததும், "நில்லும்வே" என்றார் முதலாளி. "பின்னால என்னவே இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லை மொதலாளி."

"நேத்து?"

"ஒண்ணுமில்லை."

"ஒரு நாளாவது, ஒரு பூனைக்குட்டியாவது இருந்துச்சா?"

"இல்லை மொதலாளி."

"அப்ப ஒண்ணுமில்லாததைப் பாக்கவாவே தினமும் எறங்குதீரு?"

செல்லையா அண்ணன் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணுமில்லைன்னு பாக்கத்தான் மொதலாளி எறங்குதேன்."

முதலாளி முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். வண்டியின் பெயர் கெடுவதைப் பற்றி, கோயில் கார் என்று கடைத்தெருவில் சிரிப்பதைப் பற்றி, நீளமாகப் பேசினார். செல்லையா அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். பேசி முடித்து, "இப்ப எடும்" என்றார் முதலாளி.

செல்லையா அண்ணனின் கை மறுபடி கதவுக்குப் போயிற்று.

"எங்கவே?"

"பேச்சுல நேரம் போயிட்டு மொதலாளி. பாத்தது பழசாயிட்டு."

"எறங்கும்!" என்று கத்தினார் முதலாளி. "நீர் எறங்கும். சாவியை அப்படியே வச்சிட்டு எறங்கும். வண்டி எப்படி எடுக்கணும்னு நான் காட்டுதேன்."

செல்லையா அண்ணன் இறங்கினார். கதவை மெதுவாகச் சாத்தினார். கண்ணாடியில் ஓடிய நீருக்கு அப்பால் அவருடைய காக்கிச் சட்டை பின்பக்கமாக நகர்ந்தது. அப்புறம் காணவில்லை.

முதலாளிக்கு ஓட்டத் தெரியும். அந்த வண்டியை வாங்கிய நாளில் மலை ஏற்றிக்கொண்டு வந்ததே அவர்தான். முன்னால் போய் உட்கார்ந்து, ஜிப்பாக் கையைச் சுருட்டிவிட்டு, ஸ்டார்ட் செய்தார். ஸ்டீயரிங் அடியில் இருந்த கியரைப் பின்னுக்குப் போட்டார். கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார்.

"இது என்னது, கண்ணாடியா கருவறையா? இதுல என்னதான் தெரியும்?"

"சாமி தெரியும் மொதலாளி" என்றாள் ராசாத்தி அக்கா.

அவர் கையைச் சீட்டின் மேல் போட்டு உடம்பைத் திருப்பினார். எங்கள் தலைகள். தலைகளுக்கு நடுவே திருநீற்றுப் பட்டை. அதற்குக் கீழே ஒரு யானை.

"செல்லையா எங்க?"

எனக்குத் தெரியவில்லை. முன் சீட்டுக்காரர்களுக்கும் தெரியவில்லை.

"பின்னாடிதான் போனாரு" என்றாள் ராசாத்தி அக்கா. அவள் குரலில் முதல் முறையாகக் கேலி இல்லை.

முதலாளி ஹார்னை அடித்தார். பதில் இல்லை. கூரை மேல் சாரல் விழும் சத்தம்தான். மறுபடி அடித்தார். வண்டி நடுங்கிக்கொண்டு நின்றது. அவருடைய இடது கால் கிளட்ச்சை மிதித்தபடி இருந்தது. அதை அவர் எடுக்கவில்லை. எடுக்கப் போவது போல முழங்கால் ஒருமுறை லேசாக உயர்ந்தது, மறுபடி அமுங்கியது.

கியரை எடுத்தார். எஞ்சினை அணைத்தார். குடையைப் பின் சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினார்.

நான் அவர் விட்டுப்போன ஜன்னல் ஓரத்துக்கு நகர்ந்து, கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தேன். வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாரலில் நனைந்தபடி, அவர் இடப்பக்கமாகப் பின்னால் நடந்தார். பின் கண்ணாடியில் யானைக்கு அப்பால் ஒரு வெள்ளை உருவம் குனிந்தது. குனிந்தவர் பிடிமானத்துக்காக டிக்கியில் கை ஊன்றியிருப்பார் போல. 'தட்' என்று கேட்டது.

டீக்கடையில் தங்கச்சன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு, திறந்த வாயில் டீயை ஊற்றிக்கொண்டார்.

முதலாளி வலப்பக்கமாக வெளியே வந்தார். வண்டிக்கு அடியிலும் பார்த்தார். என் ஜன்னல் பக்கம் வந்து விரலால் தட்டினார். கண்ணாடியை இறக்கினேன். புருவத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்லை" என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து வீட்டாரிடம் ஓடி வந்து சொல்கிறவரின் குரல் அது.

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். டீக்கடைக் கூரை இறவாரத்தின் கீழ், சுவரோடு சுவராக, செல்லையா அண்ணன் நின்றுகொண்டிருந்தார். ஹார்ன் கேட்டதும் வண்டி பின்னால் வருகிறது என்று இன்னும் ஒதுங்கி நின்றிருக்கிறார். கையில் துண்டு. கண்கள் எங்கள் மேல் இல்லை. காரின் பின்சக்கரத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே இருந்த வெறும் தரையின் மேல் இருந்தன. அந்த நேரம் முழுக்க அவர் அதைத்தான் காவல் காத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது.

முதலாளி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். சாரல் அவர் ஜிப்பாவை உடம்போடு ஒட்டிவிட்டது. பின்பு கதவைத் திறந்து, என்னை உள்ளே நகர்த்திவிட்டு உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டினார்.

"என்னவே வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கீரு? ஓடியாந்து எடும்வே. நான் பாத்தது பழசாயிரப் போவுது!"